யாழ்ப்பாணத்து வாலிபர் காங்கிரஸ்

1931 ஆம் ஆண்டு மே மாதம் 4 ஆந் திகதி இலங்கையிலே வேட்பாளர் நியமன நாள். பழைய சட்டநிரூபண சபை ஒழிந்து, அரசாங்க சபை என்னும் புதிய சபை தோன்றவிருந்த நேரம் அது. 21 வயது நிரம்பிய ஆணும் பெண்ணும், படித்தவரும் படியாதவரும், நிலமுள்ளவரும் கூலிக்காரரும் ஒருங்கே வாக்களிக்கலாம் என்ற உரிமை, வெள்ளையரல்லாதார் வாழும் பிரித்தானியக் குடியேற்ற நாடுகளுள் முதன்முதலாக இத்தீவுக்கே கிடைத்திருந்தது. ஊர்தோறும் ஆரவாரம். வேட்பாளரும் அவர்தம் ஆதரவாளரும் கச்சேரிகளை நாடிச் சென்றனர். யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ அன்று நிகழ்ந்தது வேறு. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை என்னும் நான்கு தொகுதிகளுக்கும் ஒருவரேனும் நியமனப் பத்திரம் கொடுக்கவில்லை. மக்கள் தெரிந்தனுப்ப வேண்டிய 50 உறுப்பினருள் 46 பேரே சபைக்குச் சென்றனர். மற்றை நான்கு ஆசனங்களும் மூன்றாண்டு காலம் வெறுமையாய்க் கிடந்தன.

இவ்வாறு ஒரு நாட்டுப்புறம் முழுவதையும் தேர்தலினின்றும் விலகி நிற்கச் செய்தவர் யாவர்? பெருநிலக்காரர் அல்லர், அப்புக்காத்துமார் அல்லர், கோயில் மணியகாரரும் அல்லர். பாடசாலை ஆசிரியர் சிலர், படிப்பை அண்மையில் முடித்த இளைஞர் சிலர், இன்னும் வகுப்பில் இருந்த மாணவர் பலர். அவர்களுட் பலருக்கு அத்தேர்தலில் வாக்களிக்கும் வயதுகூட ஆகவில்லை. இந்நாட்டில் வாக்குரிமை வயது 18 ஆகக் குறைந்தது 1959 ஆம் ஆண்டிலேதான். தமக்கு வாக்கில்லாத இளைஞர், வாக்குள்ள முதியோரை வாக்களியாதிருக்கச் செய்தனர் என்பது இச்சரித்திரத்தின் வியப்பு. அதனால் நேர்ந்த இழப்பை ஏற்றவர் யார் என்பது இதன் மறுபக்கம். நேயர்களுட் சிலர் இக்கதையின் ஒரு துண்டையேனும் தம் பாட்டனார் வாயிலாகக் கேட்டிருத்தல் கூடும். முழுக்கதையையும் கேட்டவர் சிலரே என எண்ணுகிறேன்.

அக்காலத்து ஊர் அரசியலை முதலில் நோக்குவோம். ஊரிலே அதிகாரம் என்றால் விதானையார். அவருக்கு மேல் உடையார். அவருக்கு மேல் மணியகாரர். எல்லாருக்கும் மேலாகக் கச்சேரியில் வீற்றிருக்கும் ஏசண்டர் துரை. இவர்களுள் எவரும் மக்களால் தெரியப்பட்டவர் அல்லர். நிலமும் குலமும் உடைய சில குடும்பங்களிலிருந்தே தலைமைக்காரர் நியமிக்கப்பட்டனர். சட்டநிரூபண சபைக்கு வாக்களிக்கும் உரிமையோ, எழுத்தறிவும் போதிய வருமானமும் அல்லது சொத்தும் உடைய ஆடவருக்கே உரியது. நாட்டின் சனத்தொகையில் அத்தகையோர் நூற்றுக்கு நான்கு பேர் அளவினரே. ஆகவே அரசியல் என்பது கொழும்பிலே பங்களா வைத்திருக்கும் நியாயதுரந்தரர் செய்யும் காரியம் என்றே ஊரவர் எண்ணினர். சேர் பொன்னம்பலம் இராமநாதன், அவர் தம்பியார் சேர் பொன்னம்பலம் அருணாசலம் என்னும் பெயர்களைப் பெருமையோடு சொல்லிக்கொள்வர். அவர்களை ஆக்கவும் நீக்கவும் தமக்கு உரிமை உண்டென்று கனவிலும் கருதார்.

அருணாசலம் அவர்கள் 1919 ஆம் ஆண்டிலே இலங்கைத் தேசிய காங்கிரசின் முதற்றலைவரானதும், மேல் மாகாணத்துத் தமிழருக்கு ஓர் ஆசனம் ஒதுக்கும் விடயத்திற் பிணக்கு மூண்டு 1921 இல் அவர் அதனை விட்டு விலகியதும் நாம் அறிந்தவை. சிங்களத் தலைவரும் தமிழ்த் தலைவரும் ஆசனக் கணக்குப் பார்த்துப் பிரிந்த அந்த நேரத்திலேதான் யாழ்ப்பாணத்து இளைஞர் சிலர் வேறொரு கணக்குப் போடத் தொடங்கினர்.

1924 ஆம் ஆண்டு டிசம்பர் மாத இறுதியில் யாழ்ப்பாணம் றிட்ஜ்வே மண்டபத்திலே மாணவர் காங்கிரசின் முதல் மாநாடு கூடிற்று. வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியின் பெரும் ஆசிரியர்களுள் ஒருவரான ஜே. வி. செல்லையா தலைமை வகித்தார். பிற்காலத்திலே, 1946 இல், பத்துப்பாட்டை ஆங்கிலத்திற் பெயர்த்து வெளியிட்ட புலமையாளர் இவரே. மாநாட்டுக்கு உயிராய் நின்றவர் ஹண்டி பேரின்பநாயகம் என்னும் 25 வயது இளைஞர். அவரைச் சூழ்ந்து நின்றோரும் பெரும்பாலும் அக்கல்லூரியின் வழி வந்தோரே. ஆங்கிலேயரையும் அமெரிக்க மிஷனரிமாரையும் ஆசிரியராகக் கொண்டு, மில்டனையும் பேர்க்கையும் கற்று, அக்கல்வியினாலேயே ஆங்கிலேயர் ஆட்சியைக் கேள்வி கேட்கத் துணிந்தவர்கள். இந்த முரண்பாட்டை அவர்களே அறிந்திருந்தனர். அதை மறைக்கவும் முயலவில்லை.

மாணவர் காங்கிரஸ் எனத் தொடங்கிய இச்சபை பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது. அதன் கொள்கைகளை இன்று படிக்குங்கால் அவற்றின் துணிவு நம்மைத் திகைக்கச் செய்யும். இலங்கை ஒரே தேசம்; அதற்கு வேண்டுவது பூரண சுயராச்சியம். தமிழ் மாணவர் சிங்களமும் சிங்கள மாணவர் தமிழும் கற்றல் வேண்டும். தாய்மொழியிலே கல்வி நடைபெறல் வேண்டும். அந்நியத் துணியை விடுத்து உள்ளூர்த் துணியை அணிதல் வேண்டும். தீண்டாமை ஒழிதல் வேண்டும். கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து பள்ளிக்குச் சென்ற ஆசிரியர் சிலர் வேட்டியும் சால்வையுமாய் வகுப்புக்கு வந்தபோது ஊரிலே எழுந்த பேச்சு கொஞ்சமன்று. உத்தியோகம் தேடித் தென்னிலங்கைக்கும் மலாயாவுக்கும் புறப்படுவதே படித்த பிள்ளையின் இலட்சணம் என்றிருந்த சமூகத்திலே, படித்த பிள்ளை கதர் உடுத்து ஊரிலே நின்று கூட்டம் கூட்டினால், பெற்றோர் அதைப் பித்தென்றே கொண்டிருப்பர்.

ஆயினும் துணியும் மொழியும் எளிய சங்கதிகள். ஊரை உண்மையாக உலுக்கியது சாதிப் பிரச்சினையே. அந்நாட்களிலே தாழ்த்தப்பட்ட குலத்துப் பிள்ளைகளைப் பல பாடசாலைகள் சேர்ப்பதே இல்லை. சேர்த்த இடங்களிலும் அவர்களுக்கு வாங்கு இல்லை. மற்றைப் பிள்ளைகள் வாங்கிலிருக்க, இவர்கள் நிலத்திலோ, வாசற்படிக்கு வெளியிலோ இருந்து படித்தனர். ஊர்க் கிணற்றிலே தண்ணீர் அள்ளுதல் அவர்களுக்கு ஆகாது. தாகத்துக்குக் கேட்டால் சிரட்டையில் வார்ப்பர். கோயில் வாயில் அவர்களுக்கு அடைத்தே கிடந்தது. தேநீர்க் கடையிலும் தனிப் பாத்திரம். இதையெல்லாம் வெள்ளையன் கற்பிக்கவில்லை. ஆகவே வெள்ளையனை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றுவது எளிது. தன் வீட்டுத் திண்ணையிலே தன் தகப்பனை எதிர்த்து வாய் திறப்பது அரிது. வாலிபர் காங்கிரசின் பெருமை, முதலாவதைச் செய்ததோடு நில்லாது, இரண்டாவதையும் செய்யத் தொடங்கியதிலே இருக்கிறது.

1929 ஆம் ஆண்டளவில், அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளிலே எல்லாப் பிள்ளைகளையும் சமமாக இருத்துதல் வேண்டும் என அரசாங்கம் பணித்தது. சம ஆசனம் என்னும் சொல் அன்று குடாநாட்டின் சந்து பொந்தெல்லாம் ஒலித்தது. எதிர்ப்பு மூண்டது. பிள்ளைகளைப் பள்ளியினின்றும் நிறுத்தியவர் உண்டு. மனுக்கள் எழுதியவர் உண்டு. சில பாடசாலைக் கொட்டில்கள் இரவோடிரவாகத் தீக்கிரையாயின. சமய அறிவும் தேசப்பற்றும் உடையோரெனப் பேர் பெற்ற பெரியோர் சிலரும், சம ஆசனத்தை உடனே புகுத்துதல் ஆகாது, காலம் கனிய வேண்டும் என்றனர். வாலிபர் காங்கிரஸ்காரர் சம ஆசனத்தின் பக்கமே நின்றனர். அவருட் பலர் ஆசிரியராதலின் இவ்விவகாரம் அவர்களுக்கு மேடைப் பேச்சன்று. நாளை காலை தம் வகுப்பிலே எந்தப் பிள்ளையை எங்கே இருத்துவது என்பதே அவர்களுக்கு எதிரே நின்ற கேள்வி. ஓர் ஆசிரியர் அதற்கு விடை சொல்லும்போது அவருடைய சம்பளமும், முகாமையாளரின் தயவும், உறவினரின் முகமும் சேர்ந்தே பணயமாயின.

இதற்கு இரண்டாண்டு முன்னரே இவ்விளைஞருக்கு ஒரு பெரும் ஆசி கிடைத்திருந்தது. 1927 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் மகாத்மா காந்தி இலங்கைக்கு எழுந்தருளினார். மூன்று வாரம் நாடெங்கும் சுற்றினார். அவரை யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்ததிலே மாணவர் காங்கிரசுக்குப் பெரும் பங்குண்டு. மாத இறுதியில் குடாநாட்டிலே சில நாள் தங்கி, கல்லூரி கல்லூரியாகச் சென்று பேசினார். கதர் நிதிக்குப் பணம் திரட்டினார். வரவேற்பிலே மகிழ்ந்து போகும் வழக்கம் அவருக்கில்லை. மதுவைப் பற்றியும் தீண்டாமையைப் பற்றியும் எங்கும் இடித்துரைத்தார். மாலை சூட்ட வந்த ஊர்ப் பெரியவர்கள் அவ்வுரைகளை எம்மனத்தோடு கேட்டிருந்தனரோ! ஆனால் இளைஞருக்கு அவை ஆயுதமாயின. காந்தியடிகளே சொல்லிவிட்டார் என்ற ஒரு வாக்கியத்தைக் கொண்டு, தகப்பனோடும் கோயில் மணியகாரரோடும் வாதாட இயன்றது.

மதுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அக்காலத்திலே ஊரவர் வாக்கெடுத்துச் சாராயத் தவறணையை மூடுவிக்கும் முறை இருந்தது. மதுவிலக்குச் சங்கங்கள் ஊரூராய் அலைந்து மக்களைத் திரட்டின. சட்டசபை வாக்கு இல்லாத காலத்திலே, ஓர் ஊர் கூடித் தன் காரியத்தைத் தானே வாக்கினால் தீர்மானிக்கலாம் என்பதை நம்மவருட் பலர் தவறணை வாசலிலேதான் கற்றனர் என்று சொன்னால் மிகையாகாது.

காந்தியடிகள் வந்த அதே நவம்பரிலே வேறொரு கூட்டத்தாரும் கொழும்பில் வந்து இறங்கினர். அவர்களே டொனமூர்ப் பிரபுவும் அவருடன் வந்த ஆணைக்குழுவினரும். இலங்கைக்கு எத்தகைய அரசியலமைப்பு ஏற்றது என ஆராயப் பிரித்தானிய அரசாங்கம் அனுப்பிய குழு அது. நம் தலைவருட் பெரும்பாலார் அக்குழுவின் முன் சென்று கேட்டவற்றுள் எல்லாருக்கும் வாக்கு என்பது இல்லை. அதைத் துணிந்து கேட்டவர் ஏ. ஈ. குணசிங்காவும் அவருடைய தொழிலாளர் சங்கத்தாருமே. 1928 இல் வெளியான அறிக்கையோ தலைவர்கள் கேளாததையே கொடுத்தது: சர்வசன வாக்குரிமை. இந்தியத் தோட்டத் தொழிலாளரின் வாக்குரிமைக்குப் பின்னர் விதித்த நிபந்தனைகள் வேறொரு பேச்சுக்கு உரியன. அதனை இங்கே தொடரவில்லை.

இராமநாதன் அவர்கள் இவ்வுரிமையை வன்மையாக எதிர்த்தார். படிப்பும் பொறுப்பும் இல்லாதார் கையில் வாக்கைக் கொடுத்தல் நாட்டுக்குக் கேடு என்பது அவர் துணிபு. தமிழ்த் தலைவர்களுக்கு வேறோர் அச்சமும் இருந்தது. இனவாரிப் பிரதிநிதித்துவத்தை டொனமூர் அறிக்கை நீக்கிற்று. ஆசனங்கள் சனத்தொகையைப் பின்பற்றிச் செல்லும். பழைய சபையிலே தமிழருக்கிருந்த நிறை குறையும். 1929 டிசம்பரிலே சட்டநிரூபண சபையில் அறிக்கை வாக்குக்கு விடப்பட்டபோது 19 பேர் ஆதரித்தனர்; 17 பேர் எதிர்த்தனர். இரண்டே வாக்கினால் இந்நாட்டு ஏழையின் வாக்குரிமை தப்பிப் பிழைத்தது.

வாலிபர் காங்கிரசும் டொனமூர்த் திட்டத்தை எதிர்த்தது. ஆனால் அதன் காரணம் முற்றிலும் வேறு. எல்லாருக்கும் வாக்கு என்பதிலே இளைஞருக்கு மனக்குறை இல்லை. அவர்கள் குறை, வாக்கினால் ஆகும் சபைக்கு அதிகாரம் போதாது என்பதே. பிரதம காரியதரிசி, சட்டக் காரியதரிசி, நிதிக் காரியதரிசி என்னும் மூன்று உத்தியோகத்தர் தேசாதிபதியின் ஆட்களாய்ச் சபையிலே இருப்பர். நிதியும் நீதியும் வெளிநாட்டு விவகாரமும் அவர்கள் கையில். சபையின் தீர்மானத்தைத் தடுக்கத் தேசாதிபதிக்கு உரிமை உண்டு. இது சுயராச்சியம் அன்று என்றனர். 1929 இறுதியில் லாகூரிலே இந்தியக் காங்கிரஸ் பூரண சுயராச்சியத்தைப் பிரகடனம் செய்திருந்தது. 1930 இல் காந்தியடிகள் உப்பு அள்ளச் சென்றார். பாக்கு நீரிணைக்கு அப்பால் ஆயிரக்கணக்கானோர் சிறை புகும்போது, இப்பால் அரைகுறைச் சபைக்கு வேட்பாளர் தேடுவது இளைஞருக்கு இழிவாகத் தோன்றியதில் வியப்பில்லை.

1931 ஏப்ரல் மாதத்திலே வாலிபர் காங்கிரசின் ஆண்டு மாநாடு யாழ்ப்பாணத்திற் கூடிற்று. உப்புச் சத்தியாக்கிரகத்திலே முன்னின்ற கமலாதேவி சட்டோபாத்தியாயர் இந்தியாவிலிருந்து வந்து தலைமை வகித்தார். ஒரு பெண்மணி தலைமை தாங்க, இந்நாட்டுப் பெண்களுக்குக் கிடைத்த முதல் வாக்கைப் பகிஷ்கரிக்கும் தீர்மானம் உருவாயிற்று என்பதை அப்போது எவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. தேர்தலைப் பகிஷ்கரித்தல் வேண்டும் என்னும் அலை அங்கிருந்து எழுந்து, நியமன நாளுக்கு இருந்த சில நாட்களுக்குள் குடாநாடெங்கும் பரந்தது. கூட்டங்கள் நடந்தன. வேட்பாளராக நிற்க ஆயத்தமாயிருந்த பெரியோரின் வீடுகளுக்கு இளைஞர் சென்றனர், மன்றாடினர், வாதாடினர். ஒருவர்பின் ஒருவராகப் பெரியோர் ஒதுங்கினர். மே மாதம் 4 ஆந் திகதி நிகழ்ந்ததை முன்னரே சொன்னேன். வட மாகாணத்திலே மன்னார் - முல்லைத்தீவுத் தொகுதி மாத்திரம் பகிஷ்காரத்துக்கு உட்படவில்லை. அங்கே எஸ். எம். ஆனந்தம் தெரிவானார். அவரோடு போட்டியிட்டுத் தோற்றவர் ஜி. ஜி. பொன்னம்பலம் என்னும் இளம் நியாயதுரந்தரர். அப்பெயரை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்க.

ஓர் இளைஞர் சபை, பணமும் பதவியும் இன்றி, சில நாட்களுக்குள் இத்தனை பெரிய காரியத்தை எவ்வாறு சாதித்தது? அவர்களது ஊக்கமும் நேர்மையும் ஒரு காரணம், ஐயமில்லை. ஆனால் அதுவே முழுக்காரணம் என்று சொல்ல என் மனம் இடந்தரவில்லை. டொனமூர்த் திட்டம் தமிழருக்குப் போதாது என்றிருந்த முதியோரும், அது தேசத்துக்குப் போதாது என்றிருந்த இளைஞரும், நேர் எதிரான இரு வழிகளால் வந்து ஒரே படலையிற் கூடினர். பகிஷ்காரம் என்னும் ஒரு சொல்லின் கீழே, தமிழருக்கு ஆசனம் குறைந்ததே என்னும் துயரும், இலங்கைக்கு விடுதலை கிட்டவில்லையே என்னும் துயரும் ஒருங்கே தங்கின. முதியோர் விலகியது இளைஞரின் வாதத்துக்குத் தோற்றா, தம் உள்ளத்து எண்ணத்துக்கு இசைந்தா என்று பிரித்தறிதல் கடினம். வெற்றியின் நாளிலே இவ்வேறுபாடு எவருக்கும் புலப்படவில்லை. மூன்றாண்டிற் புலப்பட்டது.

தென்னிலங்கையும் தம்மைப் பின்தொடரும் என இளைஞர் எதிர்பார்த்தனர். அங்கிருந்து சிலர் பாராட்டினர், பாராட்டியதோடு சரி. தேர்தல் நடந்தது; சபை கூடிற்று; ஏழு நிருவாகக் குழுக்கள் அமைந்தன; அவற்றின் தலைவர்கள் மந்திரிகளாயினர். இந்த அமைப்பின் தன்மை யாதெனில், உறுப்பினர் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு குழுவில் இருந்து நிருவாகத்திலே நேரே பங்கு கொள்வர். எந்த ஊருக்கு றோட்டு, எந்த ஊருக்கு ஆசுப்பத்திரி, எந்தப் பாடசாலைக்கு எவ்வளவு உதவிப்பணம் என்பன அங்கே பேசப்பட்டன. யாழ்ப்பாணத்தார் தெரிந்தனுப்பியவர் எவரும் அம்மேசைகளில் இருக்கவில்லை. கன்னங்கரா தலைமை வகித்த கல்விக் குழுவிலும் இருக்கவில்லை. சம ஆசனத்தின் கதி அந்தக் கல்வித் துறையோடு பிணைந்திருந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இழப்பை ஏற்றவர் யார் என்று தொடக்கத்திலே கேட்டேன். நிலமும் படிப்பும் உடையவர் பழைய சபைக்கும் வாக்களித்தவர். இன்னும் மூன்றாண்டு வாக்களியாதிருத்தலால் அவருக்குக் குடி முழுகிப் போகவில்லை. அவர் சொல் கச்சேரியில் எப்போதும் ஏறும். 1931 இலே முதன்முதலாக வாக்குப் பெற்றவர், வயலிற் கூலி செய்தவர், பனையேறியவர், மீன் பிடித்தவர், சலவை செய்தவர், அவர்கள் வீட்டுப் பெண்கள். எழுத்தறியாதவரும் பிழையின்றி வாக்களிக்கும்பொருட்டு வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம் ஒதுக்கி, அந்நிறப் பெட்டியை வைக்கும் முறையை அக்காலத்திலே கையாண்டனர். வாங்கில் இருக்க இடங்கிடையாதவனும், அந்தப் பெட்டியின் முன்னே விதானையாருக்குச் சமமாய் நின்றிருப்பான். அவன் வாக்கைக் கேட்டு ஒரு பெரியவர் அவன் குடிலின் படலைக்கு வந்திருப்பார். வந்து, என்ன வேண்டும் என்று கேட்டிருப்பார். குடாநாட்டிலே அந்தக் காட்சி 1931 இல் நிகழவில்லை. சாதிக் கொடுமையை முதன்முதலிற் கூட்டமாய் எதிர்த்து நின்ற இளைஞரே, அக்கொடுமைக்கு ஆளானவன் தன் முதல் வாக்கை இடுவதைத் தம்மையறியாமல் மூன்றாண்டு தள்ளி வைத்தனர். பகிஷ்காரத்துக்கு முன் அவனைக் கேட்டவர் உண்டோ என்றால், இல்லை என்றே தோன்றுகிறது. மாநாட்டு மண்டபத்திலும் ஆங்கிலம் அறிந்தோரே மேடையில் இருந்தனர்.

இதைச் சொல்வதனால் அவ்விளைஞரைக் குறைத்து மதிப்பதாக எவரும் கொள்ளற்க. தம் நலத்துக்காக அவர்கள் ஒரு துரும்பையும் கேட்டாரல்லர். பதவியை விரும்பியிருந்தால் அத்தேர்தலிலே அவருட் சிலர் தாமே நின்றிருக்கலாம். அவர்கள் பார்வை தேசத்தின் மீதும், அதற்கப்பால் லாகூரின் மீதும் தண்டியின் மீதும் சென்றது. ஊரின் மீது சென்ற நாட்களிலே, அதாவது தவறணை, கிணறு, வாங்கு ஆகியவற்றைப் பற்றிப் பேசிய நாட்களிலே, அவர்கள் செய்தது சிறிதாயினும் ஆழமாய் வேர் விட்டது. தேசத்தின் மீது மாத்திரம் சென்ற அந்த ஒரு மாதத்திலே ஊர் கண்ணுக்குத் தப்பிற்று.

நாளடைவில் ஆர்வம் தணிந்தது. வெற்றாசனங்களைக் கண்டு கவலையுற்றோர் தேர்தலை நடத்துமாறு தேசாதிபதியை வேண்டத் தொடங்கினர். 1934 இல் நான்கு தொகுதிகளுக்கும் இடைத்தேர்தல் நடந்தது. யாழ்ப்பாணத்துக்கு அருணாசலம் மகாதேவாவும், காங்கேசன்துறைக்கு எஸ். நடேசனும், ஊர்காவற்றுறைக்கு நெவின்ஸ் செல்வதுரையும், பருத்தித்துறைக்கு ஜி. ஜி. பொன்னம்பலமும் தெரிவாயினர். மன்னாரிலே தோற்ற அதே பொன்னம்பலம் இப்போது குடாநாட்டின் குரலாய்க் கொழும்பு சென்றார். அப்போது அவருக்கு வயது 32. வாலிபர் காங்கிரஸ் திறந்துவிட்ட வெளியிலே வேறொரு வாலிபர் வந்து நின்றார்; அவர் கையிலிருந்த கொடி வேறு. 1936 பொதுத் தேர்தலுக்குப் பின் அமைந்த மந்திரி சபையிலே சிங்களர் அல்லாதார் ஒருவரும் இல்லையென்றாயிற்று. அதன்பின் சரிபாதி ஆசனம் என்னும் கோரிக்கை ஓங்கிற்று. சிங்களமும் தமிழும் சேர்ந்து சுயராச்சியம் காண்போம் என்ற பழைய குரல் கூட்டத்திரைச்சலிலே அமுங்கிற்று. 1930களின் முடிவுக்குள் வாலிபர் காங்கிரஸ் பெயரளவிலான சபையாய்ப் போயிற்று. சிலர் 1935 இல் தோன்றிய லங்கா சமசமாஜக் கட்சியின் பக்கம் சென்றனர்.

சபை மறைந்தாலும் ஆட்கள் மறையவில்லை. தொடக்க நாட்களில் உடனின்ற சபாபதி குலேந்திரன் 1947 இல் தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்துக்கு முதல் அத்தியட்சரானார். ஒறேற்றர் சுப்பிரமணியம் என நம்மவர் அழைத்த நாவன்மையாளர், சுன்னாகம் ஸ்கந்தவரோதயக் கல்லூரியைப் பல்லாண்டு நடத்தினார். இங்ஙனம் அரசியல் மேடையை விட்டு இறங்கியோருட் பலர் ஏறியது வகுப்பறைக்குள்ளே. குடாநாட்டின் ஒரு தலைமுறை மாணவர் அவர்களிடமே படித்தனர்.

தாழ்த்தப்பட்டோரோ பிறர் தமக்காகப் பேசும்வரை காத்திராது தாமே பேசத் தொடங்கினர். 1940களிலே சிறுபான்மைத் தமிழர் மகாசபை எழுந்தது. தங்கள் குறைகளைத் தாங்களே அரசாங்கத்தின் முன் வைத்தனர். பொது இடங்களிலே சாதி காரணமாக ஒருவரைத் தடுத்தல் குற்றம் என்னும் சட்டம் 1957 இல் நிறைவேறிற்று. சட்டம் வந்து பதினோராண்டு கழிந்த பின்னும், 1968 இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலே உட்செல்லும் உரிமை கேட்டு இளைஞர் நிற்க வேண்டியிருந்தது. அங்கே நின்ற இளைஞர் வேறு குலத்தவர், வேறு கொள்கையினர், காந்தியத்தை ஏற்றவர்களும் அல்லர்.

ஹண்டி பேரின்பநாயகம் 1947 பொதுத் தேர்தலிலே வட்டுக்கோட்டைத் தொகுதியில் வேட்பாளராய் நின்றார். பதினாறு ஆண்டின் முன் தேர்தலே வேண்டாம் என்று ஊரூராய்ச் சொன்னவர், இப்போது தம் ஊரவரிடம் வாக்குக் கேட்டுச் சென்றார். தமிழ்க் காங்கிரஸ் வேட்பாளர் கே. கனகரத்தினம் வென்றார். இரண்டாண்டு கழித்து, கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்த பேரின்பநாயகத்தைக் கொக்குவில் இந்துக் கல்லூரி தன் அதிபராக ஏற்றது. 1960 வரை அவர் அப்பதவியில் இருந்தார்.